மன்னித்த பிறகும் நம்ப முடியவில்லை

வைகைக்கரை:
எங்களுக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. உடன் பணியாற்றிய ஒருவருடன் என் கணவருக்குத் தொடர்பு இருந்தது சென்ற ஆடி மாதம் எனக்குத் தெரியவந்தது. அவர் மறுக்கவில்லை, அழுதார், அந்தத் தொடர்பை முறித்துக்கொண்டு வேறு கிளைக்கு மாற்றலும் கேட்டு வாங்கினார். பிள்ளைகளுக்காக மட்டுமன்றி, அவர் மீது இன்னும் அன்பு இருப்பதாலும் நான் மன்னித்தேன். ஆனால் இரவில் அவர் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைக்கும் சிறு ஓசைக்கே என் உறக்கம் கலைந்துவிடுகிறது. அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்து வாட்ஸ்அப்பைத் திறக்கிறேன். ஒன்றுமில்லை என்று கண்ட பிறகும் நெஞ்சு படபடக்கிறது. இப்படி வேவு பார்க்கிறவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்வது பொய்யாகிவிடாதா? சேர்ந்து வாழச் சம்மதித்துவிட்டால், நாளை மீண்டும் நடந்தாலும் சட்டத்தில் வழியில்லை என்று என் பெரியம்மா மகன் சொல்வதும் உண்மையா?

முல்லைக்கொடி:
பொய்யாகாது, சகோதரி. மன்னிப்பை நீங்கள் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். நம்பிக்கையை அவர்தான் நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தர வேண்டும். என் வீட்டிலும் இது நடந்தது. அதன் பிறகு, தாமதமாகும் நாள்களில் நான் கேட்கும் முன்பே என் கணவர் அழைத்து, எங்கே, யாருடன் இருக்கிறார் என்று சொல்லிவிடுவார். இரண்டு ஆண்டுகள் அப்படியே சென்றன. ஒரு நாள் அவர் அழைக்க மறந்துவிட்டார். எட்டரை மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டபோதுதான், நான் கடிகாரத்தையே பார்க்காமல் தோசை வார்த்துக்கொண்டிருந்தது எனக்கு உறைத்தது. ஒளிந்து பார்ப்பதை விட்டுவிட்டு, "பயமாக இருக்கிறது, காட்டுங்கள்" என்று நேரில் கேளுங்கள்.

வழக்காடி:
உங்கள் அண்ணன் சொன்னது பாதிதான் சரி. இந்து திருமணச் சட்டம், 1955இன் 23ஆம் பிரிவின்படி, துணையின் தவறை மன்னித்து ஏற்றுக்கொண்டவர் அந்தத் தவறையே காரணமாக்கி மணவிலக்குப் பெற முடியாது. ஆனால் அந்த மன்னிப்பு நிபந்தனைக்கு உட்பட்டது என்று 1975இல் தஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. துணை மீண்டும் தவறிழைத்தால், மன்னிக்கப்பட்ட பழைய தவறும் உயிர்பெறும். பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018இல் அதே நீதிமன்றம் நீக்கிவிட்டது என்றாலும், மணவிலக்குக்கான காரணமாக அந்த உறவு இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் இன்றும் நீடிக்கிறது. சட்டமே நிபந்தனையோடு மன்னிக்கும்போது, உங்கள் மனம் தயங்குவதற்காக நீங்கள் உங்களை நொந்துகொள்ள வேண்டாம், அம்மா.

தென்றல்:
தவறு செய்தவன் என்ற இடத்திலிருந்து எழுதுகிறேன். என் மனைவி பழையதைக் கேட்கும்போதெல்லாம், "இன்னுமா இதைப் பேசுகிறாய்?" என்று எரிந்து விழுந்தேன். முதல் காயத்தைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகம் புண்படுத்தியது என்று, மனநல ஆலோசகர் முன்னிலையில் அவரே சொன்ன பிறகுதான் அறிந்தேன். நாற்பது முறை கேட்டாலும் நாற்பது முறையும் பொறுமையாகப் பதில் சொல்வது என் கடமை என்று அப்போதுதான் புரிந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பது உங்கள் கணவருக்கு வெறும் பழக்கமாக இருக்கலாம். அந்த ஓசை உங்களை எழுப்புகிறது என்பது அவருக்குத் தெரியுமா?

வைகைக்கரை:
தெரியாது, ஐயா. நான் இதுவரை சொன்னதில்லை. பிள்ளைகள் உறங்கிய பிறகு இன்றே சொல்கிறேன்.