எக்ஸ்-பார் சார்ட்டில் (மாதிரிகளோட சராசரியைப் புள்ளியா வரையற தரக் கட்டுப்பாட்டு வரைபடம்) எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டை ஒட்டியே வருது, ஏன்?

கேள்வி (கப்பலூர் க்யூசி):
கப்பலூர் சிட்கோவுல ரப்பர் வாஷர் மோல்டிங் பண்றோம். கம்ப்ரஷன் பிரஸ் (ரப்பரை மோல்டுக்குள்ள வச்சு அமுக்குற மெஷின்), 4 கேவிட்டி (குழி) மோல்டு. தடிமன் 6.00 ± 0.15 மி.மீ. மணிக்கு ஒரு ஷாட் (பிரஸ் ஒரு தடவை மூடித் திறக்கிறது) எடுத்து, கேவிட்டிக்கு ஒண்ணா 4 வாஷர் அளந்து ஒரு சப்குரூப். 25 சப்குரூப் ஆச்சு. ஆர் (ஒரு சப்குரூப்ல பெருசு கழித்தல் சிறுசு) சராசரி, அதாவது ஆர்-பார், 0.12. அதை ஏ2 (4 அளவு சப்குரூப்புக்கான அட்டவணை எண்) 0.729ஆல பெருக்கினா கண்ட்ரோல் லிமிட் 6.00 ± 0.087. ஆனா சராசரி எல்லாமே 5.98–6.02க்குள்ளயே நிக்குது. ப்ராசஸ் அருமைன்னு மேனேஜர் சொல்றார். சி.பி.கே.யோ (டாலரன்ஸுக்குள்ள ப்ராசஸ் எவ்வளவு நல்லா அடங்குதுன்னு சொல்ற எண், கூடினா நல்லது) 0.86. கஸ்டமர் கேக்கிறது 1.33. எதை நம்புறதுண்ணே?

பதில் (டூல்ரூம் அண்ணாச்சி):
தம்பி, கணக்கு சரி, சப்குரூப் எடுத்த விதம்தான் தப்பு. உங்க ஆர் அளக்கிறது கேவிட்டிக்குக் கேவிட்டி உள்ள நிரந்தர வித்தியாசத்தை. அதை வச்சு லிமிட் போட்டதால கோடு அகண்டுபோச்சு. காம்பவுண்டு (ரப்பர் கலவை) பேட்ச் மாறி தடிமன் 0.05 நகர்ந்தாலும் இந்தச் சார்ட் வாயே திறக்காது. தொடர்ந்து 15 புள்ளி நடுக்கோட்டுக்கு ±0.029க்குள்ள, அதாவது லிமிட்டுல மூணுல ஒரு பங்குக்குள்ள விழுந்தா அதுவும் எச்சரிக்கைதான்.

இருக்கிற 100 அளவையும் கேவிட்டி நம்பர் வாரியா பிரிங்க. அப்புறம் ஒரே கேவிட்டியில, ஒரே பேட்ச்ல, அடுத்தடுத்த 4 ஷாட் எடுத்து ஆர் பாருங்க. அளக்கிறது டயல் தடிமன் கேஜ்லதான். வெர்னியர் தாடை ரப்பரை அமுக்கிடும். சூடா இருக்கும்போது அளக்காதீங்க, ரப்பர் எஃகைவிடப் பல மடங்கு விரியும். எத்தனை நிமிஷம் ஆறவிடணும்னு ஒரு நேரம் முடிவு பண்ணி, எல்லா ஷிஃப்ட்டுக்கும் அதையே வைங்க.

கப்பலூர் க்யூசி:
பிரிச்சுட்டேன். கேவிட்டி 1: 5.94, கேவிட்டி 3: 6.06, 2ம் 4ம் 6.00. ஒரே கேவிட்டியில ஆர்-பார் 0.03 தான். மோல்டுல 1க்கு மூலைவிட்டமா எதிர்ல 3 இருக்கு. ஒரு மோல்டுக்கு, கேவிட்டிக்கு ஒண்ணா 4 சார்ட் போட ஆபரேட்டருக்கு நேரம் இல்லண்ணே.

பதில் (டூல்ரூம் அண்ணாச்சி):
மூலைவிட்டமா சாயுதுன்னா முதல் சந்தேகம் பிளாட்டன் (மோல்டை அமுக்குற பிரஸ் தட்டு) மேலதான். மோல்டை 180 டிகிரி திருப்பி மாட்டி ஒரு ஷாட் போடுங்க. தடிமன் கூடுறது கேவிட்டி 1க்கு மாறினா பிரஸ் கோளாறு. 3லயே நின்னா மோல்டு கோளாறு. பிரஸ்னா, மோல்டு பிரியுற முகத்துல நாலு மூலையிலும் ஒரே தடிமன் ஈயக் கம்பித் துண்டு வச்சு மூடி, நசுங்கினதை மைக்ரோமீட்டர்ல அளந்தா எந்தப் பக்கம் எவ்வளவு சாய்வுன்னு தெரியும். அதுக்கு முன்னாடி மோல்டு முகத்துல ஒட்டின பழைய ஃபிளாஷை, அதாவது பிதுங்கின ரப்பரை, சுரண்டி எடுங்க. பிளாங்க் (கேவிட்டியில வைக்கிற ரப்பர் துண்டு) எடையும் நாலுக்கும் ஒண்ணா இருக்கணும். இந்தத் தடிமன் மோல்டு மூடுற திசையில வர்றதால இதெல்லாம் நேரா அளவுல ஏறும்.

பதில் (க்யூசி அக்கா, புதூர்):
4 சார்ட் வேண்டாம் தம்பி. ஷாட் சராசரியைத் தனி அளவா வச்சு மூவிங் ரேஞ்ச் சார்ட் போடுங்க. லிமிட்: சராசரி ± 2.66 × எம்ஆர்-பார் (அடுத்தடுத்த ரெண்டு ஷாட்டுக்கு இடையில உள்ள வித்தியாசங்களோட சராசரி). அதே தாள்ல கீழே கேவிட்டி வித்தியாசத்தை (பெருசு கழித்தல் சிறுசு) இன்னொரு தனி அளவா வரைங்க. பிளாட்டன் மறுபடி சாய்ஞ்சா அதுல உடனே ஏறும். 6.15, 5.85 கோட்டை மட்டும் சராசரி சார்ட்டுல வரையாதீங்க. அது டிராயிங் டாலரன்ஸ், கண்ட்ரோல் லிமிட் இல்ல.

சி.பி.கே. அனுப்பும்போது நல்ல கேவிட்டியை மட்டும் காட்டாதீங்க. கஸ்டமருக்குப் போறது நாலும் கலந்த பெட்டிதானே! சாய்வைச் சரி பண்ணினதும் புதுசா 25 ஷாட் எடுத்து லிமிட்டை மறுபடி கணக்குப் போடுங்க, பழைய லிமிட் அதுக்குப் பொருந்தாது.