ஆப்பிரிக்கக் கட்சிகள்ல பெண்கள்: கோட்டா போதுமா, கட்சியோட கதவ தொறக்கணுமா?

செந்தாமரை:
2011 ஜனவரில நைஜீரியால அப்போ ஆண்ட பிடிபி (PDP) கட்சில ஜனாதிபதி வேட்பாளர தேர்ந்தெடுக்க டெலிகேட்ஸ், அதாவது கட்சிப் பிரதிநிதிங்க, ஓட்டு போட்டாங்க, குட்லக் ஜொனாதன் ஆயிரக்கணக்குல ஓட்டு வாங்கி ஜெயிச்சாரு, சாரா ஜிப்ரில்னு ஒரு அம்மாவும் நின்னாங்க, அவங்களுக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. எனக்கு மனசு ஆறல. அங்க பார்லிமெண்ட்ல பெண்களுக்குன்னு கோட்டா கிடையாது. ருவாண்டா 2003 அரசியல் சட்டத்துல பெண்களுக்கு 30%னு எழுதுச்சு, 2008லயே பாதிக்கு மேல பெண் எம்பிக்கள், உலகத்துலயே முதல் தடவையா. கோட்டா இல்லாம நடக்காது.

வடக்குவீதி:
ருவாண்டாவ உதாரணம் காட்டாதீங்க சகோ. 80 சீட்டுல 24 பெண்களுக்கு, அந்த 24ஐயும் மக்கள் நேரடியா ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கல, உள்ளாட்சி கவுன்சில், பெண்கள் கவுன்சில் ஆளுங்கதான் தேர்ந்தெடுக்கறாங்க. 2017ல அங்க ஜனாதிபதி ககாமேவ எதிர்த்து டயான் ர்விகாரானு ஒரு பொண்ணு நிக்க வந்துச்சு, மனுவ தள்ளுபடி பண்ணி, அப்புறம் ஜெயில்ல போட்டு, 2018 கடைசிலதான் கோர்ட் விடுதலை பண்ணுச்சு. தலைவர எதிர்த்துப் பேச முடியாத சபைல எத்தன பெண்கள் உக்காந்தா என்ன?

மலர்வனம்:
அண்ணே, அது சர்வாதிகாரத்தோட குத்தம், கோட்டாவோட குத்தம் இல்ல. செனகல பாருங்க. 2010ல சட்டம், வேட்பாளர் லிஸ்ட்ல ஆண் ஒண்ணு பெண் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வரணும். 2012 தேர்தல்ல 150ல 64 பெண்கள். நமீபியால ஆளுங்கட்சி ஸ்வாபோ 2013ல தானாவே பாதிக்குப் பாதி விதி கொண்டு வந்துச்சு, 2017ல நெடும்போ நந்தி-நதைத்வா கட்சி துணைத் தலைவர், 2025 மார்ச்ல நாட்டுக்கே ஜனாதிபதி. கட்சிக்குள்ள மேல வந்ததாலதான் அங்க போனாங்க.

வடக்குவீதி:
அதே செனகல்ல 2014 உள்ளாட்சித் தேர்தல்ல தூபா ஊர்ல முழுக்க ஆம்பளைங்க லிஸ்ட் போச்சே மா. கென்யால 2010 அரசியல் சட்டமே ஒரே பாலினம் மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுங்குது, பார்லிமெண்ட் அதுக்கான சட்டத்த இழுத்தடிச்சே வந்துச்சு, 2020ல தலைமை நீதிபதி மரகா சபைய கலைங்கன்னு ஜனாதிபதிக்கே எழுதினாரு. கலைக்கல. தென்னாப்பிரிக்கால மண்டேலாவோட கட்சி ஏஎன்சி 2009லேர்ந்து வேட்பாளர் லிஸ்ட்ல பாதி பெண்கள், ஆனா 2017ல கட்சித் தலைவர் தேர்தல்ல நகொசசானா டிலாமினி-ஜுமா 179 ஓட்டுல தோத்தாங்க, இன்னிக்கு வரைக்கும் ஒரு பெண் தலைவர் கிடையாது. டெலிகேட் யாருன்னு முடிவு பண்ற எடம் கிளைக் கூட்டம். அங்க பாதி பேர் பெண்கள்னு கொண்டு வாங்க, நான் உங்க பக்கம் வந்துடறேன்.

கார்முகில்:
பணத்த விட்டுட்டீங்க ரெண்டு பேரும். 2022ல நைஜீரியால அப்போ ஆண்ட ஏபிசி (APC) கட்சில ஜனாதிபதி வேட்பாளரா நிக்க ஃபாரம் மட்டும் 10 கோடி நைரா. பெண்களுக்கு 7 கோடி தள்ளுபடின்னாங்க, மீதி 3 கோடிக்கு எங்க போவாங்க? பணம் இருக்குறவன் டெலிகேட்ஸ வளைச்சுடுவான். பெண்களுக்கு நிலம் இல்ல, காண்ட்ராக்ட் இல்ல, கடன் குடுக்க ஆள் இல்ல, இத சரி பண்ணாம எந்த விதியும் நிக்காது.

செந்தாமரை:
வடக்குவீதி அண்ணே, நீங்க கேட்ட மாதிரி கட்சிக்குள்ள எடத்தத்தான் நைஜீரியா பெண்களும் கேட்டாங்க. 2022 மார்ச் 1ல நைஜீரியா பார்லிமெண்ட்ல தோத்த மசோதாக்கள்ல ஒண்ணு கட்சி நிர்வாகப் பதவில பெண்களுக்கு 35%. மறுநாளே அபுஜால சபை வாசல்ல பெண்கள் போய் நின்னாங்க.