மறு: ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் – ‘தானியங்கிச் செலுத்தம்’ சரியா?

வணக்கம். காரின் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷனுக்கு, அதாவது ஓட்டுநர் கையால் கியர் போடத் தேவையில்லாத பெட்டிக்கு, தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> டிரான்ஸ்மிஷன் என்றால் செலுத்துவது, ஆட்டோமேட்டிக் என்றால் தானியங்கி. ‘தானியங்கிச் செலுத்தம்’ என்று முடித்துவிடலாமே ஐயா, இதில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது தம்பி. இலங்கைச் செய்தித்தாள் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், ‘வாகனத்தைச் செலுத்திய சாரதி’ என்றுதான் எழுதுவார்கள். அங்கே செலுத்துவது என்றாலே ஓட்டுவது. அப்படியிருக்க ‘தானியங்கிச் செலுத்தம்’ என்று கார்க் கையேட்டில் போட்டால், ஆள் இல்லாமல் தானே ஓடுகிற கார் போலிருக்கிறது என்றுதான் அங்கே படிக்கிறவர் நினைப்பார். தமிழ்நாட்டிலும் நிலைமை பெரிதாக மேல் இல்லை, ஆட்டோமொபைலுக்கே தானியங்கி என்று எழுதுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது, ஆட்டோமேட்டிக்குக்கும் அதே சொல், இப்போது ஓட்டுநரில்லாக் காருக்கும் அதையே இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மூன்று வேலையை ஒரு சொல்லின் தலையில் கட்டினால் அது எதையும் உருப்படியாகச் செய்யாது.

> எங்கள் ஊரில் ‘கியர் இல்லாத வண்டி’ என்பார்கள். மக்கள் சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பேச்சுக்கு அருமையான சொல், யாரும் மறுக்கவில்லை. ஓட்டுநர் உரிமத்திலேயே கியர் இல்லாத இருசக்கர வண்டி என்று தனிப் பிரிவு இருக்கிறதே. ஆனால் காரைப் பொறுத்தவரை இது தலைகீழ். ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த 8எச்பி என்ற ஆட்டோமேட்டிக் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே நான்கு கோள் பல்லிணைத் தொகுதிகள் (பல்லிணை என்றால் பல்சக்கரம், அதாவது கியர்), முன்னால் போக மட்டும் எட்டு கியர். கையால் கியர் போடும் சாதாரணக் காரில் ஐந்தோ ஆறோதான். அதிகக் கியர் இருக்கிற வண்டிக்குக் ‘கியர் இல்லாத வண்டி’ என்று பெயர் வைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலேயே ‘இதன் ஆறாவது கியரில்...’ என்று எழுத முடியுமா?

அடுத்து, இழையில் அதிகம் பேர் கை தூக்கியிருக்கிற ‘தானியங்கிப் பல்லிணைமாற்றி’. கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. எங்கே வழுக்குகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நேரம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

இந்தக் கதை காரில் தொடங்கவில்லை, கப்பலில் தொடங்கியது. நீராவிச் சுழலி வேகமாகச் சுற்றும்போதுதான் நன்றாக வேலை செய்யும், கப்பலின் விசிறியோ மெதுவாகச் சுற்றினால்தான் நீரை ஒழுங்காகத் தள்ளும். இரண்டையும் நடுவில் இணைக்க, ஸ்டெட்டின் நகரத்து வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் இருந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர் பல்லே இல்லாத ஒரு வழியைக் கண்டுபிடித்து 1905இல் காப்புரிமை வாங்கினார். ஒரு சக்கரம் திரவத்தை வீசியடிக்கும், எதிரே இருக்கிற சக்கரம் அந்த அடியை வாங்கிச் சுற்றும். இரண்டுக்கும் நடுவே உலோகத் தொடர்பு எதுவும் கிடையாது.

காரில் இது பெரிய அளவில் வந்தது ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் பெட்டி மூலம். 1939 கடைசியில், 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் விற்பனைக்கு விட்டார்கள். வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஏர்ல் தாம்ப்சன், கியர் மாற்றும்போது கரகரவென்று அரைக்காமல் இருக்க சின்க்ரோமெஷ் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதைக் கொடுத்தவரும் இவரேதான். (கையால் கியர் போடுவதை எளிதாக்கியவரே கையை வேண்டாமென்றும் ஆக்கியிருக்கிறார்.) ஹைட்ரா-மேட்டிக்கில் கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் திரவ இணைப்பி (மேலே சொன்ன எதிரெதிர்ச் சக்கர ஏற்பாடு), அதோடு கோள் பல்லிணைத் தொகுதிகள், நான்கு கியர். போரின்போது அமெரிக்காவின் எம்5 டாங்கிகளில் இரண்டு காடிலாக் எஞ்சின்களோடு இதையே பொருத்தினார்கள்.

கோள் பல்லிணை என்பது ஏற்கெனவே நாம் ஒப்புக்கொண்ட சொல், அதில் சண்டை வேண்டாம். நடுவில் சூரியப் பல்லிணை, சுற்றிக் கோள்கள், அவற்றைப் பிடித்திருக்கிற தாங்கி, வெளியே வளையம். சூரியனில் 30 பல், வளையத்தில் 72 பல் என்று வைத்துக்கொள்வோம். வளையத்தைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சூரியனைச் சுற்றினால் தாங்கி 3.4க்கு 1 என்ற விகிதத்தில் மெதுவாகச் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 3400 சுற்று என்றால் வெளியே வருவது 1000 சுற்று, ஆனால் முறுக்குவிசை (டார்க், சுழற்றும் வலு), உராய்வை விட்டுவிட்டால், 3.4 மடங்கு. தாங்கியைப் பிடித்து நிறுத்தினால் வளையம் எதிர்த்திசையில் சுற்றும், அதுதான் ரிவர்ஸ். எந்த இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் மொத்தமும் ஒரே உருளையாகச் சுற்றும், விகிதம் 1க்கு 1. பல் ஒன்றும் இடம் மாறுவதில்லை, எல்லாப் பல்லும் எப்போதும் கவ்விக்கொண்டேதான் இருக்கின்றன, யாரைப் பிடிக்கிறோம் யாரை விடுகிறோம் என்பதுதான் மாறுகிறது. அப்போதே ‘பல்லிணைமாற்றி’ கொஞ்சம் ஆட்டம் காண்கிறது பாருங்கள்.

எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவு செய்ததும் எண்ணெய்தான். வண்டி வேகம் கூடக் கூட, வேகத்தை உணரும் கவர்னர் என்ற கருவி ஒரு பக்கம் அழுத்தத்தைக் கூட்டும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்னொரு பக்கம் அழுத்தம் கூடும், நடுவில் ஒரு சின்ன வால்வு. வேகத்தின் அழுத்தம் வென்றால் வால்வு ஒரு பக்கம் நகர்ந்து மேல் கியர் விழும், மிதியின் அழுத்தம் வென்றால் கீழ் கியரிலேயே நிற்கும். மெதுவாக மிதித்தால் சீக்கிரம் கியர் ஏறுகிறது, அழுத்தி மிதித்தால் இழுத்துப் பிடிக்கிறது என்று ஓட்டுகிறவர்கள் சொல்வது இதனால்தான். கம்ப்யூட்டர் வந்து சேர்வதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எண்ணெயை வைத்து ஒரு முடிவெடுக்கும் இயந்திரம் செய்திருக்கிறார்கள், என்னைக் கேட்டால் இருபதாம் நூற்றாண்டு வாகனப் பொறியியலில் இதைவிட அழகான வேலை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹைட்ரா-மேட்டிக்குக்குக்கூட ‘பல்லிணைமாற்றி’யை ஒருவழியாகப் பொருத்திவிடலாம். 1948இல் பியூக் காரில் வந்த டைனாஃப்ளோவை என்ன செய்வீர்கள்? டிரைவில் போட்டுவிட்டால் அது கியரே மாற்றாது, நின்ற இடத்திலிருந்து நெடுஞ்சாலை வேகம் வரை முறுக்குமாற்றி (டார்க் கன்வர்ட்டர், திரவத்தின் வழியே முறுக்குவிசையைப் பெருக்குவது) ஒன்றே இழுத்துக்கொண்டு போகும், ‘லோ’ வேண்டுமென்றால் நாம் கையால் போட வேண்டும். மந்தமாகக் கிளம்பும், பெட்ரோலையும் குடிக்கும், ஆனாலும் அதை ஆட்டோமேட்டிக் இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அப்புறம் 1958இல் நெதர்லாந்தின் ஹுப் வான் டூர்னே டாஃப் காரில் கொண்டுவந்த வேரியோமேட்டிக். கூம்பு வடிவக் கப்பிகள், நடுவில் ரப்பர் பெல்ட், கப்பியின் இரு பாதிகள் நெருங்கினால் பெல்ட் மேலே ஏறும், விலகினால் கீழே இறங்கும், விகிதம் படியே இல்லாமல் மாறிக்கொண்டே போகும். ரிவர்ஸுக்கும் அதே பெல்ட் என்பதால் முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகும், நெதர்லாந்தில் இந்தக் கார்களைப் பின்னோக்கி ஓட்டிப் பந்தயமே நடத்தினார்கள்.

நம் தெருவில் போகிற ஸ்கூட்டர்களில் இருப்பதும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான், முன் கப்பியில் ரோலர்கள் வெளியே தள்ள, பின் கப்பியில் ஸ்பிரிங் எதிர்க்க. ஆக நம் ஊரில் அதிகம் ஓடுகிற ‘தானியங்கிப் பல்லிணைமாற்றி’யில் மாற்றுவதற்குப் பல்லிணையே கிடையாது! இப்படி ஒரு சொல்லை நாம் அகராதியில் ஏற்றலாமா?

அதனால்தான் யாழ்ப்பாணத்து அக்கா போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன வரியை மறுபடி மேலே கொண்டுவருகிறேன், யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை:

> கியரைப் பிடிச்சுக்கொண்டு ஏன் நிக்கிறியள்? அது மாத்துறது கதியைத்தானே. ‘கதிமாற்றி’ எண்டு சொன்னால் எங்கட பிள்ளையளுக்கு உடனே விளங்கும். பௌதிகத்தில ஸ்பீட் எண்டால் கதி, வெலாசிட்டி எண்டால் வேகம்.

இதுதான் சரி என்று நினைக்கிறேன். உள்ளே பல் இருக்கட்டும், பெல்ட் இருக்கட்டும், எண்ணெய் இருக்கட்டும், எல்லாமே செய்கிற வேலை ஒன்று: ஒரு கதியில் உள்ளே வருகிற சுழற்சியை வேறொரு கதியில் வெளியே கொடுப்பது, அதற்கு ஏற்ப முறுக்குவிசையைக் கூட்டியோ குறைத்தோ கொடுப்பது. ‘வேகமாற்றி’ என்றால் தமிழ்நாட்டுக்குச் சரி, ஆனால் நம் பள்ளிகளில் ஸ்பீடுக்கு வேகம், வெலாசிட்டிக்குத் திசைவேகம், அங்கே வேகமே வெலாசிட்டி, குழப்பம் நிச்சயம். கதி என்றால் இங்கேயும் அந்நியமில்லை. குதிரையின் நடை ஐந்து என்று வகுத்து ஐங்கதி என்று சொன்ன மொழி இது, மிருதங்கம் கற்றவர்களுக்கும் கதி என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

> கதி வடசொல். போதாக்குறைக்கு அதோகதி, கதிகலங்கல், ‘என் கதியைப் பார்’... இதையா காருக்கு வைப்பது?

ஐயா, வடசொல்தான். அதற்குப் பதிலாக நீங்கள் சொன்ன ‘நடைமாற்றி’யும் எனக்குச் சம்மதமே, ஆனால் நடை என்றதும் உரைநடை, பேச்சுநடை, காலைநடை என்று அதுவும் நாலு பக்கம் இழுக்கிறது, இயற்பியலில் அதற்கு இடமும் இல்லை. ‘விகிதமாற்றி’ இன்னும் துல்லியம் என்று ஒருவர் எழுதியிருந்தார், உண்மைதான், ஆனால் அதுவும் வடசொல், மெக்கானிக் கடையில் யாரும் சொல்லப் போவதும் இல்லை. (கதிமாற்றியை மட்டும் சொல்வார்களா என்று கேட்காதீர்கள். அங்கே கியர் பாக்ஸ்தான், இன்னும் நூறு வருடத்துக்கும் கியர் பாக்ஸ்தான். நாம் பேசுவது பாடநூலுக்கும் கையேட்டுக்கும்.)

ஆக டிரான்ஸ்மிஷன் = கதிமாற்றி. கையால் மாற்றுவது கைக்கதிமாற்றி. ஆட்டோமேட்டிக்குக்கு ‘தன்கதிமாற்றி’ என்று சுருக்கத் தோன்றும், வேண்டாம், ‘தன் கதியை மாற்றிக்கொண்டவர்’ என்று சோதிடப் பக்கத்துக்குப் போய்விடும். ‘தானியங்கு கதிமாற்றி’ போதும். இதில் தானியங்குவது காரா பெட்டியா என்ற குழப்பம் இல்லை, அடைமொழி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஓட்டுநரில்லாக் காரை ‘தானோட்டி’ என்று பிரித்துவிடுவோம்.

வகைகளில், வேரியோமேட்டிக் போல விகிதம் தொடர்ந்து மாறிக்கொண்டே போகிற சிவிடிக்குப் ‘படியிலாக் கதிமாற்றி’. ‘பட்டைக் கதிமாற்றி’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள், பெல்ட் வகைக்கு மட்டும் என்றால் சரி, ஆனால் 1997இல் வந்த டொயோட்டா பிரியஸில் பெல்ட்டே கிடையாது, ஒரு கோள் பல்லிணைத் தொகுதியும் இரண்டு மின்பொறிகளும் சேர்ந்து அதே வேலையைச் செய்கின்றன, அதையும் சிவிடி என்றே அழைக்கிறார்கள். படியிலா என்றால் இரண்டும் அடங்கும். டிசிடிக்கு (டூயல் கிளட்ச் டிரான்ஸ்மிஷன்) ‘இரட்டைக் கிளட்ச் கதிமாற்றி’, அவ்வளவுதான். 1, 3, 5 ஒரு கிளட்சில், 2, 4, 6 இன்னொன்றில், ஒன்று விடும்போது மற்றது பிடித்துக்கொள்ளும். கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1930களில் யோசித்தது, போர்ஷே 1980களில் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது, 2003இல் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் மூலம்தான் கடைக்கு வந்தது. கிளட்சை ‘உரசிணைப்பி’ ஆக்க வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள், இதில் கலக்காதீர்கள்.

ஏஎம்டிதான் (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்) உண்மையான தலைவலி. 2014இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவில் பரவிய வகை. ஆங்கிலப் பெயரே முரண், அதை அப்படியே பெயர்த்து ‘தானியங்கிக் கைமுறை’ என்று எழுதியிருக்கிறீர்கள், தானே இயங்கும் கையால் இயக்குவது! உள்ளே இருப்பது அதே பழைய கைக்கதிமாற்றி, அதே கிளட்ச், கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு சின்னப் பொறியை ஏவலுக்கு வைத்திருக்கிறார்கள். கிளட்சை விட்டுக் கியர் மாற்றிப் பிடிக்கிற இடைவெளியில் இழுவை அறுந்துபோவதால் மேட்டில் தலை லேசாக முன்னால் போய் வருகிறதே, அது இந்த ஏவலாளின் கைவரிசை. ஆகவே ‘ஏவல் கதிமாற்றி’ என்று முன்மொழிகிறேன். விலை குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது, நம் ஊரில் இதற்குத்தான் வாழ்வு, அதனால் இந்தச் சொல்லை அவசரப்படாமல் அலசுவது நல்லது.

டார்க் கன்வர்ட்டருக்கு ‘முறுக்குமாற்றி’ என்றே நான் எழுதி வருகிறேன். பாடநூல்படி ‘திருப்புவிசைமாற்றி’ என்றால் விசையின் திசையைத் திருப்புவது போல ஒலிக்கிறது, தின்கிற முறுக்கு நினைவுக்கு வந்தால் வரட்டும், பாதகமில்லை. ஆனால் திரவ இணைப்பியையும் இதையும் ஒன்றாக்காதீர்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஸ்டேட்டர் இருந்தால்தான் முறுக்குவிசை பெருகும், வண்டி கிளம்பும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஹைட்ரா-மேட்டிக்கில் அது கிடையாது, டைனாஃப்ளோவில் உண்டு.

அந்த ஸ்டேட்டருக்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘நிலையி’ என்று மின்பொறியிலிருந்து எடுத்துப் போட முடியாது, ஏனென்றால் வேகம் பிடித்ததும் இதுவும் மற்ற இரண்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும், ஒரு திசையில் மட்டும் சுற்றவிடும் ஒருவழிக் கிளட்ச் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. திரும்பி வருகிற எண்ணெயை வளைத்து அனுப்புவது அதன் வேலை என்பதால் ‘வளைப்பி’ என்று குறித்து வைத்திருக்கிறேன், எனக்கே முழுத் திருப்தி இல்லை. முறுக்குமாற்றியின் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிட 1949இல் பேக்கர்ட் காரில் வந்த லாக்-அப் கிளட்சுக்குப் ‘பூட்டுக் கிளட்ச்’ போதும் என்று நினைக்கிறேன். ஸ்டேட்டருக்கு நல்லதாக ஒன்று தோன்றினால் இந்த இழையிலேயே போடுங்கள். கதிமாற்றிக்கு மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள், ஆனால் ஸ்கூட்டருக்கும் டைனாஃப்ளோவுக்கும் பொருந்துகிற மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.