இளையோரிடம் ஏற்றத்தாழ்வு பற்றி எப்படிக் கேட்பது?

வணக்கம். 15 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் உடல்நலத்தைச் சமூக ஏற்றத்தாழ்வு எப்படிப் பாதிக்கிறது என்று பண்புசார் ஆய்வு (எண்களை அல்ல, அவர்கள் பேசிச் சொல்லும் அனுபவங்களை வைத்துச் செய்வது) ஒன்று செய்து வருகிறேன். கள அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

உணவு, தூக்கம், உடற்பயிற்சி பற்றிக் கேட்டால் பாடப்புத்தகப் பதில்தான் வருகிறது. "எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு" என்கிறார்கள். வீட்டில் தூங்கவே இடமில்லை, படிப்போடு வேலைக்கும் போக வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் வெளியே வருகிறது. (அதைப் பயன்படுத்த மறுபடி அனுமதி கேட்கிறேன், சிலர் மறுத்துவிடுகிறார்கள், அது அவர்கள் உரிமை.) பிறந்து வளரும் சூழல்தான் உடல்நல ஏற்றத்தாழ்வுக்குப் பெரிய காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008இலேயே சொன்னது. ஆனால் இந்தப் பிள்ளைகள் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. வறுமை என்ற சொல்லை எடுத்தாலே முகம் மாறிவிடுகிறது. அவர்களைக் கூச வைத்துப் பெறும் தரவு எனக்கு வேண்டாம்.

குழு உரையாடல் சரிவரவில்லை, நண்பர்கள் முன்னால் யாரும் மனம் திறப்பதில்லை. அதனால் 1990களில் கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் உருவாக்கிய ஃபோட்டோவாய்ஸ் முறையை யோசிக்கிறேன். அவர்களே படம் எடுத்து, அதை வைத்துப் பேசுவார்கள். இந்த வயதினரிடம் யாராவது செய்திருக்கிறீர்களா? படத்தில் வரும் மற்றவர்களின் சம்மதத்தை எப்படிப் பெற்றீர்கள்?

அப்புறம் இன்னொன்று, இதுதான் அவசரம்: பேச்சின் நடுவே ஒருவர் தனக்கு ஆபத்து இருப்பதாகச் சொன்னால் யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதைச் சம்மதப் படிவத்தில் எளிய மொழியில் எப்படி எழுதினீர்கள்? மாதிரி வாசகம் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.