டேவ் க்ரோல் ட்ரம்ஸை விட்டு மைக் முன்னால் வந்தது ராக் இசைக்கு லாபமா, நஷ்டமா?

ஸ்னேர்_சத்தம்:
என்னைப் பொறுத்தவரை நஷ்டம்தான். க்ரோல் ட்ரம்ஸ் வாசித்த நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்தார், குழுவும் முடிந்தது. க்ரோலுக்கு அப்போது 25 வயது. அந்த ஆண்டு நவம்பரில் ராக் பாடகர் டாம் பெட்டியின் குழுவோடு சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியில் ட்ரம்ஸ் வாசித்தார். அங்கேயே நிரந்தரமாகச் சேரும் வாய்ப்பும் வந்தது. அதை வேண்டாம் என்றுவிட்டு கிட்டாரை மாட்டிக்கொண்டு பாடப் போனார். நல்ல பாடகர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவரைப்போல் ஸ்னேரை (ட்ரம்ஸ் செட்டில் ‘படார்’ என்று ஒலிக்கும் ட்ரம்) அடிக்க எத்தனை பேர் இருந்தார்கள்? 2002இல் குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ் குழுவின் ஆல்பத்துக்கு ட்ரம்ஸ் வாசித்தாரே, அதைக் கேட்டால் நாம் எதை இழந்தோம் என்று புரியும்.

கேசட்_காலம்:
நண்பரே, அவர் திடீரென்று பாட வந்தவர் இல்லை. நிர்வாணாவில் இருந்தபோதே சொந்தப் பாட்டுகளைப் பதிவு செய்து, 1992இல் ‘லேட்!’ என்ற புனைபெயரில் ஒரு கேசட் விட்டார். அவர் எழுதிப் பாடிய ‘மேரிகோல்ட்’ 1993இல் நிர்வாணாவின் ஒரு சிங்கிளில் (தனிப்பாட்டு வெளியீட்டில்) பி-பக்கமாக, அதாவது இரண்டாவது பாட்டாகவே வந்தது. கோபேன் எழுதும் குழுவில் தன் பாட்டுகளை முன்னால் தள்ளாமல் ஒதுங்கி இருந்தார், அவ்வளவுதான்.

1994 அக்டோபரில் சியாட்டில் பக்கம் ராபர்ட் லாங் ஸ்டுடியோவுக்குள் போய், ஒரு வாரத்துக்குள் ஆல்பத்தை முடித்தார். ட்ரம்ஸ், பாஸ், கிட்டார், குரல் எல்லாம் அவரே. ஒரே ஒரு பாட்டில் மட்டும் ஆஃப்கன் விக்ஸ் குழுவின் க்ரெக் டுல்லி கிட்டார் வாசித்தார். தன் குரல்மேல் நம்பிக்கை இல்லாததால் ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். அந்த ஆல்பத்தின் கேசட்டில் தன் பெயரைப் போடாமல், ஒரு குழுவின் பெயர்போலத் தோன்றட்டும் என்று ‘ஃபூ ஃபைட்டர்ஸ்’ என்று போட்டார். புகழுக்காக முன்னால் வருகிறவர் இப்படியா செய்வார்? டாம் பெட்டியோடு போயிருந்தால் வாழ்நாள் முழுக்க இன்னொருவர் பாட்டுக்குத்தான் வாசித்திருப்பார்.

ஸ்னேர்_சத்தம்:
இன்னொருவர் பாட்டுக்கு வாசிப்பது என்ன தாழ்வு? ட்ரம்ஸ் வாசிப்பவருடைய கலையே அதுதான். நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தின் பாட்டுகள் கோபேனுடையவை, ஆனால் அந்த ட்ரம்ஸ் இல்லாமல் அவற்றை நினைத்துப் பார்க்க முடியுமா?

அப்புறம், நீங்கள் சொல்லும் அந்த ஆல்பம் ஒரு தனி மனிதரின் வேலை. ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற குழு பிறகுதான் வந்தது: பாட் ஸ்மியர், சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவிலிருந்து நேட் மெண்டல், வில்லியம் கோல்ட்ஸ்மித். ட்ரம்ஸில் உட்கார்ந்த கோல்ட்ஸ்மித்துக்கு என்ன ஆனது? 1997இல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அவர் வாசித்ததில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு க்ரோலே மறுபடி வாசித்தார். கோல்ட்ஸ்மித் குழுவை விட்டுப் போனார். நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கையை மட்டும் எடுக்கவில்லை. என் கோபமெல்லாம் இதில்தான்.

மேகலா_ஆர்:
இதில் ஸ்னேர் சொல்வதோடு உடன்படுகிறேன். பில் காலின்ஸைப் பாருங்கள். 1975இல் பாடகர் பீட்டர் கேப்ரியல் ஜெனிசிஸ் குழுவை விட்டுப் போன பிறகு, புதுப் பாடகரைத் தேடித் தேடிக் கிடைக்காமல், அதன் ட்ரம்மர் காலின்ஸ் பாட ஆரம்பித்தார். மேடையில் அவர் இடத்தில் முதலில் பில் ப்ரூஃபோர்ட், பிறகு செஸ்டர் தாம்ப்சன். பாட்டு வரிகள் இல்லாத நீண்ட பகுதிகளில் காலின்ஸ் பின்னால் போய் அவர்களோடு சேர்ந்து வாசிப்பார், இரண்டு ட்ரம்ஸ் ஒன்றாக ஒலிக்கும். ஆனால் ஸ்டுடியோவில் ட்ரம்ஸ் அவருடையதுதான் என்று ஆரம்பத்திலேயே தெளிவாக இருந்தது. கோல்ட்ஸ்மித்துக்கு அந்தத் தெளிவு கிடைக்கவில்லை. அவர் குழுவின் முழு உறுப்பினர் என்று நம்பித்தான் வாசித்தார்.

கேசட்_காலம்:
மேகலா, கோல்ட்ஸ்மித்துக்கு நடந்தது வலிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே ஆல்பத்தின் ‘எவர்லாங்’ பாட்டைக் கேளுங்கள். ஹை-ஹாட் (ஒன்றோடு ஒன்று மோதும் ஜோடி சிம்பல் தட்டுகள்) மூச்சு விடாமல் ஓடுகிறது, கிட்டாரும் அதே ஓட்டத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. கிட்டாரை ட்ரம்ஸ்போலத்தான் பார்க்கிறேன், தடித்த கம்பிகள் கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) ஸ்னேரும், மெல்லிய கம்பிகள் சிம்பல் என்று க்ரோல் பேட்டியில் விளக்கியிருக்கிறார். அவர் ட்ரம்ஸை விடவே இல்லை, பாட்டுக்குள் கொண்டுபோனார்.

டெய்லர் ஹாக்கின்ஸையும் மறந்துவிடக் கூடாது. பாடகி அலானிஸ் மோரிசெட்டின் மேடைக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தவர், 1997இல் ஃபூ ஃபைட்டர்ஸில் வந்து சேர்ந்தார். கச்சேரிகளில் அவர் மைக் முன்னால் வந்து குயின் குழுவின் பாட்டைப் பாடுவார், க்ரோல் பின்னால் போய் ட்ரம்ஸில் உட்காருவார். நம்பிக்கை இல்லாத இடத்தில் இது நடக்குமா?

ஸ்னேர்_சத்தம்:
ஹாக்கின்ஸ் எனக்கும் மிகப் பிடித்தவர். ஆனால் அவர் சேர்ந்த பிறகு 1999இல் வந்த ஆல்பத்தில்கூடச் சில பாட்டுகளுக்கு க்ரோல்தான் வாசித்தார். 2022 மார்ச்சில் ஹாக்கின்ஸ் இறந்த பிறகு, 2023 ஆல்பத்துக்கு ட்ரம்ஸ் மறுபடி க்ரோல். அந்தத் துக்கத்தில் அவர் கை தேடிப் போனது ட்ரம்ஸைத்தான். அது அவருடைய இடம் என்று நான் சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்?

கேசட்_காலம்:
அந்த ஆல்பத்தின் வரிகளையும் அவரேதான் எழுதிப் பாடினார். ட்ரம்ஸ் மட்டும் வாசிக்கிறவராக இருந்திருந்தால் அந்தத் துக்கத்தை எந்த வரியில் சொல்லியிருப்பார்?

மேகலா_ஆர்:
இரண்டு பேரும் க்ரோலைப் பற்றியே பேசுகிறீர்கள். 1997 ஆல்பத்தில் கோல்ட்ஸ்மித் வாசித்ததில் மிச்சம் இருப்பது ‘டால்’ என்ற முதல் பாட்டும், ‘அப் இன் ஆர்ம்ஸ்’ பாட்டின் மெதுவான தொடக்கமும் போன்ற சில பகுதிகள்தான். அவற்றைக் கேட்டுவிட்டு வந்து, அவர் வாசித்ததை நீக்கியது சரி என்று சொல்லுங்கள் கேசட், அப்புறம் பேசலாம்.