கார்பன் சிங்க்: தொட்டியா, கொள்ளிடமா?

குழுவினருக்கு வணக்கம்.

கடல்பாசி வளர்ப்பு பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். காற்றிலுள்ள கார்பனை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்தைக் குறிக்கும் ‘கார்பன் சிங்க்’ வந்த இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். ‘கார்பன் தொட்டி’ என்று எழுதுகிறார்கள். பாத்திரம் கழுவும் சிங்க் யார் கண்ணிலோ பட்டிருக்க வேண்டும். நாம் ஊற்றினால்தான் தொட்டி நிரம்பும். இதுவோ தானே வாங்கிக்கொள்வது. ‘கார்பன் கொள்ளிடம்’ எனலாமா? காவிரியின் மிகைநீரை வாங்கும் ஆற்றின் பெயர்தான். (கார்பனைக் கரிமம் என்றால் கரிம வேதியியலோடு குழம்பும். இலங்கையில் அது சேதன இரசாயனம், கார்பன் காபன். அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.)

---

> ‘கார்பன் கொள்ளிடம்’ எனலாமா?

ஐயா, சொல் அழகு. ஆனால் கொள்ளிடம் வாங்கிய தண்ணீரை வைத்துக்கொள்வதில்லையே, கடலில் விட்டுவிடுகிறதே!

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மண்டபம், தொண்டிப் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டும் காப்பாஃபைகஸ் பாசி 45 நாளில் அறுவடைக்கு வருகிறது. நீரில் கரைந்த கார்பனை வாங்கித்தான் வளர்கிறது. அப்புறம்? காய்ந்து, ஆலைக்குப் போய், கராஜீனன் என்ற கெட்டியாக்கும் பொருளாகி, ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது. வாங்கிய கார்பனில் பெரும்பங்கு சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் கைமாற்று.

உலகக் கடற்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 17.3 கோடி டன் கார்பனைப் பூட்டிவைக்கலாம் என்று 2016-இல் வந்த மதிப்பீட்டை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது இயற்கையாக வளரும் பாசிக்கான கணக்கு. அதிலும் பெரும்பங்கு ஒடிந்து ஆழ்கடலுக்குப் போய்ச் சேர்வது. நம் மிதவைகள் கிடக்கும் பாக் விரிகுடாவோ ஆழமில்லாத கடல்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். வாங்குவது ‘உறிஞ்சல்’. நூற்றாண்டுக் கணக்கில் பூட்டிவைப்பது, வங்கியில் போடுவதுபோல, ‘நிலைவைப்பு’.

---

நிலைவைப்புக்கு என் ஓட்டு. ஆனால் இரண்டு போதாது, மூன்று வேண்டும்.

சீனக் கடலோரச் சிப்பி, பாசி வளர்ப்பை 1999 முதல் 2008 வரை கணக்கிட்டவர்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 38 லட்சம் டன் கார்பன் உறிஞ்சப்படுகிறது, அதில் 12 லட்சம் டன் அறுவடையோடு கடலைவிட்டு வெளியேறுகிறது என்றார்கள். இந்த 12 லட்சம் வெறும் உறிஞ்சலும் அல்ல, நிலைவைப்பும் அல்ல. ‘அகற்றல்’ என்று தனியாக வையுங்கள்.

சிப்பி ஓட்டில் இன்னொரு வம்பு. இரண்டு பைகார்பனேட் அயனியிலிருந்து ஒன்று ஓடாகும்போது மற்றது கார்பன் டை ஆக்சைடாக நீரில் விடப்படுகிறது. ஓட்டின் எடையை மட்டும் பார்த்து வரவு வைத்தால் கணக்கு உதைக்கும்.

கொள்ளிடத்தை விட்டுவிடாதீர்கள். சீனத்தில் சிங்குக்கு வழங்கும் ‘ஹுய்’ என்ற சொல்லுக்கும் நீர் வந்து கூடுவது என்றே பொருள்.

---

இருவருக்கும் நன்றி. வாங்கிய கார்பனை நெடுநாள் வைத்துக்கொள்ளும் அலையாத்திக் காட்டின் சேற்றுக்குக் ‘கொள்ளிடம்’ வைத்துக்கொள்கிறேன். மிதவைப் பாசிக்கு உறிஞ்சலும் அகற்றலும் மட்டும். மூலக்கட்டுரை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறது, பதினோரு இடம். ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு இடத்தில் ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்றே பிடிபடவில்லை. அவற்றை நாளை இங்கே இடுகிறேன்.