மறு: ‘லாஸ்ட் மைல்’, ‘அன்சர்வ்டு’, ‘அண்டர்சர்வ்டு’ – கடைமடை வேண்டாம் என்று ஒரு ஓட்டு

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அதிவேக இணையத்தை (பிராட்பேண்ட்) பரப்பும் ‘ஆஃபீஸ் ஆஃப் பிராட்பேண்ட் டெவலப்மென்ட்’ பற்றிக் கட்டுரை எழுதச் சொற்கள் கேட்டுத் தொடங்கிய இழை, ‘கடைமடை’ (ஆற்றுப் பாசனம் கடைசியாகப் போய்ச் சேரும் வயற்பகுதி) என்ற சொல் வந்ததும் அதிலேயே நின்றுவிட்டது. அதைச் சொன்ன தஞ்சாவூர் அண்ணனுக்கு எல்லாரும் கைதட்டியாயிற்று. எனக்கும் பிடித்த சொல்தான். ஆனாலும் ‘லாஸ்ட் மைல்’, அதாவது வாடிக்கையாளர் இடம் வரை வரும் கடைசி இணைப்பு, என்பதற்குக் கலைச்சொல்லாக அதை வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அதற்கு முன் அலுவலகத்தின் பெயரை முடித்துவிடுகிறேன்.

பிராட்பேண்டுக்கு ‘அகலப்பட்டை’யா, ‘அகன்ற அலைவரிசை’யா என்று இன்னொரு முறை சண்டை போட வேண்டாம். இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. ஒட்டுப் போட்டு நீட்ட வசதியானது முதலாவது, அதையே எடுத்துக்கொள்வோம். ‘வளர்ச்சி அலுவலகம்’ என்பதுதான் இடிக்கிறது. இந்த அலுவலகத்தை 2013இல் மாநிலச் சட்டமன்றம் உண்டாக்கியது. வேலைவாய்ப்பு, பொருளாதார வளர்ச்சித் துறைக்குள் இருக்கும் ஒரு பிரிவு அது. தானே கேபிள் பதிப்பதில்லை, யாருக்கும் இணைப்பு விற்பதும் இல்லை. எங்கே இணையம் போய்ச் சேரவில்லை என்று வரைபடம் வைத்திருக்கிறது, அங்கே போக முன்வரும் கம்பெனிகளுக்கும் தொலைபேசிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மானியம் கொடுக்கிறது. 2014இல் ‘பார்டர் டு பார்டர்’ மானியம் தொடங்கியபோது திட்டச் செலவில் பாதி வரை அரசு கொடுத்தது. மீதியைப் பதிப்பவர் போட வேண்டும். ஆகவே ‘அகலப்பட்டை விரிவாக்கப் பிரிவு’ என்று நான் எழுதுவேன். வேளாண் விரிவாக்க மையப் பலகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ‘விரிவாக்கம்’ என்றாலே அரசாங்கம் தன் கையை வெளியே நீட்டுகிறது என்று புரிந்துவிடும்.

இனி கடைமடை.

மினசோட்டா சட்டத்தில் ‘லாஸ்ட் மைல்’ என்பதற்கு வரையறை இருக்கிறது. கம்பெனியின் வலையமைப்பிலிருந்து வாடிக்கையாளர் இடத்திலுள்ள கருவி வரை வரும் கடைசித் துண்டு, அவ்வளவுதான். வசதி, வறுமை எதுவும் அதில் இல்லை. மினியாபொலிஸ் நகர நடுவில் இருபதாவது மாடியில் இருப்பவருக்கும் அந்தத் துண்டு உண்டு, கனடா எல்லையோரத்துப் பண்ணை வீட்டுக்கும் உண்டு. கடைமடை அப்படிப்பட்ட சொல் அல்ல. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தாலும் கடைமடைக்காரர் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். ‘கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை’ என்று ஒவ்வோர் ஆண்டும் செய்தி வரும். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு மனக்குறை குடியிருக்கிறது. இருபதாவது மாடிக்காரரின் கம்பியைக் கடைமடை என்றால் டெல்டாக்காரர்களே சிரிப்பார்கள்.

அண்ணன் ஒரே சொல்லில் இரண்டு வேலை வாங்கப் பார்க்கிறார். கடைசித் துண்டு என்பது ஒன்று, கிடைக்காமல் இருப்பது இன்னொன்று. முதலாவதற்கு ‘கடைத்தடம்’ போதும். ‘மிடில் மைல்’ என்பதற்கு ‘இடைத்தடம்’. கம்பெனியின் மைய வலையமைப்பைக் கடைத்தடத்தோடு இணைப்பது எதுவோ அது இடைத்தடம். சட்டமும் அப்படித்தான் ஒன்றை வைத்து மற்றதை வரையறுக்கிறது என்பதால் சொற்களும் ஜோடியாக இருப்பது நல்லது. மைலை அப்படியே மொழிபெயர்க்க வேண்டாம். இங்கே யாரும் மைல் கணக்குப் பார்க்கவில்லை.

இரண்டாவதுதான் உண்மையில் சிக்கல், ஏனென்றால் பணம் அங்கேதான் இருக்கிறது. ‘அன்சர்வ்டு’, ‘அண்டர்சர்வ்டு’ இரண்டும் அமெரிக்காவில் எண் போட்டுக் கட்டிய சொற்கள். நொடிக்குப் பதிவிறக்கம் 25 மெகாபிட், பதிவேற்றம் 3 மெகாபிட் கிடைக்காவிட்டால் முதல் வகை. அது கிடைத்து, பதிவிறக்கம் 100, பதிவேற்றம் 20 கிடைக்காவிட்டால் இரண்டாம் வகை. 2021இல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் ஒதுக்கிய 42.45 பில்லியன் டாலரில் பெரும்பகுதி முதல் வகை இடங்களின் எண்ணிக்கையை வைத்தே மாநிலங்களுக்குப் பிரிந்தது. மினசோட்டாவுக்கு ஏறக்குறைய 652 மில்லியன்.

இதற்கு ‘சேவையற்ற பகுதி’, ‘குறைசேவைப் பகுதி’ என்று இழையில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ‘குறைசேவை’ கட்டாயம் வேண்டாம். நம் நுகர்வோர் நீதிமன்றங்களில் ‘சேவைக் குறைபாடு’ என்றால் காசு வாங்கிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்யாதவர் மீது சொல்லும் குற்றச்சாட்டு. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பழைய தொலைபேசிக் கம்பியில் வரக்கூடிய வேகம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது பத்தவில்லை.

என் யோசனை: எட்டாப் பகுதி, போதாப் பகுதி. எட்டாக்கனி தெரிந்த எவருக்கும் முதலாவது புரியும். அதே ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தில் இரண்டாவதும் அமைந்துவிடும். அட்டவணையின் தலைப்பில் வைத்தாலும் இடத்தை அடைக்காது.

‘பகுதி’ எதற்கு, ‘வீடு’ என்றே சொல்லலாமே என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. முன்பெல்லாம் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் கணக்கில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதி ஒன்றில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் ‘இணைப்பு உண்டு’ என்று பச்சை ஆகிவிடும். நாட்டுப்புறத்தில் ஒரு தொகுதி பல சதுர மைல் இருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரர் புண்ணியத்தில் வரைபடத்தில் எல்லாருக்கும் இணையம்! 2022 நவம்பரில் வந்த புதிய வரைபடம்தான் கட்டடம் கட்டடமாகக் காட்டத் தொடங்கியது. அதில் கடையும் வரும், பண்ணையும் வரும் என்பதால் ‘வீடு’ சரிப்படாது. மாநிலச் சட்டத்தை எழுதும்போது எட்டாப் பகுதி, கூட்டாட்சி வரைபடத்தை எழுதும்போது எட்டா இடம். பெயரெச்சம் மாறாது, பெயர் மட்டும் மாறும்.

‘கம்பி எட்டாப் பகுதி’ என்று முன்னால் ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம். மினசோட்டா சட்டம் கம்பிவழி இணைப்பைத்தான் கணக்கில் எடுக்கிறது, சரி. கூட்டாட்சிக் கணக்கில் உரிமம் பெற்ற அலைக்கற்றையில் வரும் நிலையான கம்பியில்லா இணைப்பும் சேர்த்தி. 2025 ஜூனில் அந்த 42.45 பில்லியனுக்கான விதியைத் திருத்தி, கண்ணாடியிழைக்கு இருந்த முன்னுரிமையையும் எடுத்துவிட்டார்கள். இப்படி மாறிக்கொண்டே இருப்பதைக் கலைச்சொல்லுக்குள் போட்டு அடைத்தால் நாளைக்கு மறுபடி இதே இழையைத் திறக்க வேண்டியிருக்கும்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்: “இடைத்தடம் ஊர் வரை வந்துவிட்டது, கடைத்தடம் போடாததால் ஏரிக்கரை வீடுகள் இன்னும் எட்டா இடங்களாகவே இருக்கின்றன.” எனக்கு உறுத்தவில்லை. 2022இல் மினசோட்டா கொண்டுவந்த ஒரு திட்டத்துக்கும் இது பொருந்துகிறது. கேபிள் அருகில் வரை வந்து நின்றுபோன முகவரிகளை வீட்டுக்காரரே பதிவு செய்யலாம். இவ்வளவு மானியம் கொடுத்தால் இழுத்துத் தருகிறோம் என்று கம்பெனிகள் விலை கேட்கும். தமிழில் ‘கடைத்தட நீட்டிப்பு’.

அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். கட்டுரையின் ஓட்டத்தில், ஒதுக்குப்புற ஊர்களைச் சொல்லும் இடத்தில், கடைமடை தாராளமாக வரட்டும். சொற்பட்டியலில் மட்டும் வேண்டாம்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது: ‘சேலஞ்ச்’, அதாவது ஓர் இடத்தின் வகை தப்பு என்று எழுதிக் கொடுப்பது. மானியம் கேட்டு ஒருவர் விண்ணப்பித்ததும், அங்கே ஏற்கெனவே இருக்கும் கம்பெனி ‘அது எட்டாப் பகுதி இல்லை, நாங்கள் இருக்கிறோம்’ என்று எழுதிக் கொடுக்கலாம். அந்த 42.45 பில்லியன் கூட்டாட்சித் திட்டத்தில் ஊராட்சிகளும் தொண்டு நிறுவனங்களும்கூட வரைபடம் தப்பு என்று எழுத முடிந்தது. ‘சவால்’ என்று போட்டால் மல்யுத்தம் மாதிரி இருக்கிறது. ‘முறையீடு’ இரண்டாவதற்குப் பொருந்தும், முதலாவதற்குப் பொருந்தாது. ‘ஆட்சேபணை’ இரண்டுக்கும் ஒத்துவருகிறது, நம் அரசு அறிவிப்புகளிலும் இருக்கிறது. வடசொல் என்று தள்ளுகிறவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.

அன்புடன்.